வடியாத கால்

என் வீட்டுக்காரர் முதலில் செருப்புக்கடைக்காரரைத்தான் திட்டினார். எட்டாம் நம்பர் என்று சொல்லி ஏழாம் நம்பரைத் தலையில் கட்டிவிட்டாராம். கடைக்கே போய்ச் சண்டை போட்டு ஒன்பது வாங்கி வந்தார். பதினைந்து நாளில் அதுவும் இறுக்கிப் பிடித்தது. பிறகு பத்து. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குக் கால் வளருமா என்று வீட்டில் ஒருவராவது யோசிக்க வேண்டாமா? நான் அவருக்கும் மேல். "வார் வச்சதா வாங்குங்க, புடிச்சா தளத்திக்கிடலாம்" என்று யோசனை சொன்ன மகராசி நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காலை நீட்டிப் படுத்திருந்தபோதுதான் பார்த்தேன். கணுக்கால் எலும்பைக் காணோம். முழங்காலுக்குக் கீழே பாதம் வரை ஒரே தடிமனாக இருந்தது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது.

சர்க்கரை அவருக்குப் பதினைந்து வருடமாக இருக்கிறது. அதன் பின்னாலேயே ரத்தக்கொதிப்பும் வந்து சேர்ந்தது. போன வருடமே ஒரு டாக்டர், கிட்னி கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை இவர் பீரோவில் வீட்டுப் பத்திரங்களோடு வைத்துப் பூட்டியிருந்தார். பத்திரமாக வைத்தால் போதும், சரியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மதுரையிலிருந்து ஒரு கிட்னி டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை தோறும் விருதுநகரில் வந்து உட்காருவார். என் மகள் வயதுதான் இருக்கும். காலைப் பார்த்தார், ரத்தம் பார்த்தார், நீர் மாத்திரை எழுதினார். பிறகு வரிசையாகச் சொன்னார். உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் பக்கம் போகக்கூடாது. குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். உட்காரும்போதெல்லாம் கால் உயர்ந்திருக்க வேண்டும். கேட்காமல் நாட்டு மருந்து எதுவும் கூடாது.

"ஒரு மாசம் பாப்போம்மா. வீக்கம் வடியணும். வடியலைன்னா நீர் நுரையீரலுக்கு ஏறும், மூச்சு முட்டும். அப்போ அட்மிட் பண்ணித்தான் ஆகணும். டயாலிசிஸ் பத்தியும் பேச வேண்டி வரும்."

எங்கள் தெருவில் ஒருவர் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு மதுரை போய் வருகிறார். போகும்போது அவர் முகத்தையும், திரும்பி வரும்போது அவர் மனைவி முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.  ஒரு மாதம். அதற்குள் இந்தக் கால் வடிந்தாக வேண்டும். அன்றே நான் முடிவு செய்துவிட்டேன், இனி இந்த மனுசனுக்கு டாக்டரும் நான்தான், போலீசும் நான்தான்.

எங்களுக்குத் திருத்தங்கலில் சின்னதாக ஓர் ஆப்செட் பிரஸ் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்போம். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டுவிட்டால், பிறகு கார்த்திகை வரை காலண்டர்தான் பிழைப்பு. அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு இவர் விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று கடை கடையாக ஆர்டர் பிடிக்கப் போவார். பிரஸ்ஸை அப்போதெல்லாம் எங்கள் மெஷின்மேன் பார்த்துக்கொள்வார். பதினெட்டு வருடமாக எங்களோடு இருக்கிறவர்.

எடை பார்க்க வீட்டில் மெஷின் கிடையாது. பிரஸ்ஸில் பேப்பர் வேஸ்ட் நிறுக்கிற தராசு இருந்தது. தினமும் காலையில் அதில் ஏறி நிற்கச் சொன்னேன். மெஷின்மேனுக்கு ஒரு பழக்கம், எதை நிறுத்தாலும் சத்தமாகச் சொல்லிவிடுவார். "எழுவத்தெட்டு முந்நூறு!" என்று அவர் கத்த, உள்ளே பைண்டிங் பார்க்கிற பெண்கள் "நேத்தைக்கு இன்னைக்கு எரநூறு கூடவாக்கும்" என்று பேசிக்கொள்வார்கள். முதலாளியின் எடை தெருவுக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது.

காலை உயர்த்தி வைப்பதுதான் பெரிய கூத்து. பிரஸ் ஆபீஸ் ரூமில் ஒரு ஸ்டூல் போட்டு, மேலே தலையணை வைத்து, "தூக்கி வைங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அங்கன பாரு. யாரு இருக்கா?"

நேர் எதிரே முருகன், வள்ளி தெய்வானையோடு. காலண்டருக்கான மாதிரிப் படம்.

"சரி, நாற்காலிய இந்தப் பக்கம் திருப்புங்க."

இந்தப் பக்கம் மகாலட்சுமி, ஆறு சைசில். பின்பக்கம் பிள்ளையார். இன்னொரு சுவரில் பாய் கடைகளுக்குப் போகிற மக்கா மதீனா, அதற்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. காலண்டர் பிரஸ்ஸில் சாமி இல்லாத சுவருக்கு எங்கே போவது? மெஷின்மேனும் வந்து, இடுப்பில் கை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மொதலாளி, குடோன் பக்கம் உக்காருங்க. அங்கன வெறும் தேதிச் சீட்டுதான் அடுக்கியிருக்கு. சாமி கெடையாது."

"தேதிச் சீட்டுல நல்ல நேரம் போட்டிருக்குமேப்பா" என்றார் இவர்.

"ராகு காலமும் எமகண்டமும்தான் போட்டிருக்கு. அதை நல்லா மிதிங்க" என்றேன் நான். ஒருவழியாகக் குடோன் வாசலில் முதலாளிக்கு இடம் அமைந்தது. யாராவது வியாபாரி வந்தால், "தப்பா நெனைக்காதீக, டாக்டர் தூக்கி வைக்கச் சொல்லியிருக்காக" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாராம். மெஷின்மேன் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சமையலில் நான் காட்டிய கண்டிப்பு இருக்கிறதே, சொல்லி மாளாது. வீட்டிலிருந்த கல் உப்பு, தூள் உப்பு இரண்டையும் எதிர்வீட்டு அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவர் பதிலுக்கு இந்துப்பு வாங்கச் சொன்னார். "அது உப்பே இல்ல, மருந்து. எம்புட்டு வேணாலும் போடலாம்" என்றார். கிலோ கணக்கில் வாங்கி வந்தேன். அதே அக்காதான் வாழைத்தண்டும் சொன்னார். அவர் மாமனாருக்குக் கிட்னியில் கல் இருந்து, வாழைத்தண்டுச் சாறு குடித்தே கரைந்ததாம். கிட்னி என்றால் எல்லாம் கிட்னிதானே? தினமும் விடியக்காலம் எழுந்து, தண்டை நறுக்கி, விரலில் நார் சுற்றிச் சுற்றி எடுத்து, அரைத்துப் பிழிந்து ஒரு சொம்பு. பதினோரு மணிக்கு பார்லித் தண்ணீர் ஒரு பாட்டில், பிரஸ்ஸுக்கே கொடுத்துவிடுவேன். மத்தியானம் கொள்ளு ரசம், அதைக் குடித்தால்தான் நீர் இறங்கும் என்று அதுவும் அக்கா சொன்னது. சாயங்காலம் சிறுநெருஞ்சி போட்ட கஷாயம்.

நாட்டு மருந்து கூடாது என்று டாக்டரம்மா சொன்னாரே என்றால், வாழைத்தண்டு மருந்தா? அது காய். அப்படியானால் குடிக்கிற கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாமா என்றால், அது எப்படிச் சேரும்? அது மருந்து. இப்படி இரண்டு பக்கமும் எனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். குடிதண்ணீரை மட்டும் ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றி, பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டுக்கு ஒரு மிடறு கீழே போனாலும் கேள்வி கேட்பேன்.

இவ்வளவு செய்தும் கால் வடியவில்லை. எழுபத்தெட்டு முந்நூறு எழுபத்தொன்பது ஆயிற்று, பிறகு எழுபத்தொன்பதரை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டதில் நீர் மாத்திரையைக் கூட்டிச் சொன்னார். அதற்கும் அசையவில்லை. ராத்திரி இரண்டு தலையணை வைத்துப் படுக்க ஆரம்பித்தார். எனக்கு அந்த இரண்டாவது தலையணையைப் பார்க்கும்போதெல்லாம் மதுரை போகிறவர் ஞாபகம் வந்தது.

வீட்டில் உப்பு இல்லை. அப்படியானால் உப்பு வெளியே. இது தெரியாதா எனக்கு? எங்கள் பக்கத்துக் கடைகளில் ஆள் உள்ளே நுழைந்ததுமே கலர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் அது கடைக்கே அவமரியாதை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கடை ஏறுகிற மனுசன் எத்தனை கலர் குடித்திருப்பார்! அதோடு விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா. கல்யாணமான புதிதில் என்னையே ஏமாற்றிவிட்டுப் போய்த் தின்றவர்தானே. சட்டைப் பையைத் துழாவினேன். வாயை மோந்து பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஒருநாள் அவர் விருதுநகர் கிளம்பிய பின்னால் அடுத்த பஸ் ஏறினேன். அவர் வழக்கமாகப் போகிற புரோட்டாக் கடைக்கு எதிரே ஒரு ஜவுளிக் கடை. அங்கே உட்கார்ந்து பாவாடைத் துணி பார்க்கிற சாக்கில் இரண்டு மணி நேரம் கண்காணித்தேன். அவர் வரவில்லை. சால்னா வாசம்தான் வந்தது. அதுவும் சும்மா வரவில்லை, பசியோடு வந்தது. என்ன செய்ய? இரண்டு புரோட்டா, பிறகு இன்னும் ஒன்று, நானே தின்றுவிட்டு வந்தேன். வீட்டில் எனக்கு முன்னால் வந்திருந்த அவர் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"என்ன, சால்னா வாசம் வருது?"

"உங்க நெனப்பு பூரா அதுலதான் இருக்கு, அதான் வருது" என்று எகிறிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியாவது என் வாயைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. மறுநாள் காலை தராசு எண்பதைத் தொட்டது. பிரஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கத்திவிட்டேன். "ஊரெல்லாம் கலரக் குடிச்சுட்டு, புரோட்டாவத் தின்னுட்டு, இங்க வந்து காலத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்தா வடிஞ்சிருமா? உங்களுக்காக நான் ஒருத்தி விடியாம எந்திரிச்சுச் சாகேன்!"

"நான் வெளிய எதுவும் திங்கல" என்றார். அவ்வளவுதான். முகத்தைத் தேதிச் சீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். பைண்டிங் பெண்கள் குனிந்துகொண்டார்கள். மெஷின்மேன் போய் மெஷினை ஓட விட்டார், அதில் பேப்பரே இல்லை.

அந்தச் சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. லேபில் இருந்த பெண், "பொட்டாசியம் கொஞ்சம் கூடியிருக்கு. செவ்வாக்கிழமை டாக்டர்கிட்ட மொத ஆளா காட்டிருங்க" என்றாள்.

பொட்டாசியமா! எங்கள் ஊரில் பொட்டாசியம் என்றால் யாருக்குத் தெரியாது? பட்டாசுக்குப் போடுகிற வெடியுப்பு அது. லேபிள் லோடு இறக்க இவர் தாயில்பட்டிக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் எத்தனை கம்பெனிக்குப் போய் வருகிறார்! மருந்துத் தூசி மூக்கு வழியாக ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கால் வீக்கத்தின் ரகசியம் பிடிபட்டுவிட்ட சந்தோஷம் எனக்கு. பட்டாசுக் கம்பெனிப் பக்கம் போகக்கூடாது என்று தடை போட்டேன். வெளியே போய் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, சட்டையை உதறி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டேன். "பக்கத்துல பீடி பத்தவைக்காதீக, வெடிச்சிரப் போகுது" என்று எதிர்வீட்டு அக்கா வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். உள்ளே போன பொட்டாசியத்தைக் கழுவி வெளியேற்ற வேண்டுமே? வாழைத்தண்டுச் சாற்றை இரண்டு சொம்பாக ஆக்கினேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் குடித்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பாய் வீட்டுக்கு வந்தார். விருதுநகரில் பருப்புக் கடை. இருபது வருடமாக எங்களிடம் காலண்டர் அடிக்கிறவர். என் வீட்டுக்காரர் பிரஸ்ஸில் இருந்தார். "அவுகளப் பாக்க வரலம்மா, உன்னத்தான் பாக்க வந்தேன்" என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, எங்க கடை மேல அண்ணாச்சிக்கு என்ன வருத்தம்?"

"வருத்தமா? ஒண்ணும் இல்லையே பாய்."

"பின்ன ஏம்மா? கலர ஒடைச்சு நீட்டுதேன், கையால தொட மாட்டேங்குறாக. டீ வேண்டாங்குறாக. மோரு வேண்டாங்குறாக. போன வாரம் அந்த வெயில்ல வந்து நின்னாக, ஒதடு காஞ்சு போயிருக்கு, ஒரு டம்ளர் தண்ணி கூட வாங்கல. பக்கத்துக் கடையிலயும் இதே கததானாம். ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு ஆர்டர வேற பிரசுக்குக் குடுத்துட்டாக. அப்பவும் மனுசன் வாயத் தெறக்கல. எங்கிட்டயாவது சொல்லலாம்ல?"

 இவருடைய கிட்னி விஷயத்தைப் பாயிடம் சொன்னேன். "யா அல்லாஹ்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். காபி போட உள்ளே போய், பாலை அடுப்பில் வைத்துவிட்டு யோசித்தேன். வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்படியானால் இவ்வளவு நீரும் எங்கிருந்து வருகிறது?

பதில் மறுநாள் டாக்டரம்மா வாயில் வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்தார். எடைச் சீட்டைப் பார்த்தார். உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். அது சரியாக இருந்தது, நல்ல காலம். பிறகு அவரிடம், "வெளிய என்ன சாப்பிடுறீங்க?" என்றார்.

"ஒண்ணும் இல்லம்மா."

"வீட்ல?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "வீட்ல குடுக்குறத சாப்பிடுதேன்."

நான்தான் முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். சாறு, பார்லி, ரசம், கஷாயம், இந்துப்பு. முதலில் குரல் பெருமையாகத்தான் வந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார். நான்காவதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் குரல் உள்ளே போய்விட்டது.

"அம்மா, இது எல்லாம் சேர்த்தா மூணு லிட்டருக்குப் பக்கம் வருது. இந்துப்பும் உப்புதாம்மா. மலையில வெட்டினா என்ன, கடல்ல எடுத்தா என்ன? உப்பு உள்ள போனா அது நீரைப் பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் நீர் மாத்திரை என்ன செய்யும், பாவம்?"

"பொட்டாசியம்... பட்டாசுத் தூசியில..." என்று இழுத்தேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "வாழைத்தண்டுலதாம்மா அவ்வளவு பொட்டாசியம். இவருக்குக் கல் இல்லை. கிட்னி வேலை செய்யிறது குறைஞ்சிருக்கு. உள்ள போற பொட்டாசியத்தை அதால வெளிய தள்ள முடியாது. ரொம்ப ஏறினா இதயத்தையே நிறுத்திடும். இன்னியோட நிறுத்துங்க."

இதயத்தையே நிறுத்திடும். நான் விடியக்காலம் எழுந்து, நார் எடுத்து, பிழிந்து, என் கையால் கொடுத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கண்டிப்பான போலீஸ் என்று நினைத்திருந்தேனே, திருடனே நான்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் பஸ் கிளம்பும் வரை பொறுக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா? நான் குடுக்குறதுதான் காரணம்னு?"

"தெரியாது. ஆனா கேக்கலாம்னு நெனச்சேன். குடிக்கிறது எல்லாம் சேத்து ஒரு லிட்டர்னுதான் டாக்டரம்மா மொத நாளே சொன்னாக."

"பின்ன ஏன் கேக்கல? வாயில என்ன கொழுக்கட்டையா? கடக்காரன் கலர நீட்டுனா வேண்டாம்னு சொல்லத் தெரியுது. ஆர்டர் போனாலும் பரவாயில்லன்னு சொல்லத் தெரியுது. எங்கிட்டச் சொல்ல என்ன?"

அவர் என் விரலைப் பிடித்துத் திருப்பினார். நார் சுற்றிச் சுற்றி ஆள்காட்டி விரலில் தோல் வெடித்திருந்தது.

"கடக்காரகளுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். இதப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். "நீங்க செத்துக் கித்துப் போயிருந்தா நான் என்ன செய்வேன்? உங்களக் கொன்னவ நான்னு ஆயிருக்கும்ல? பிரஸ்ல அத்தன பேரு முன்னால வாய்க்கு வந்தபடி வஞ்சேனே, அப்பவாவது திருப்பி ஒரு வார்த்த வஞ்சிருக்கலாம்ல? இனிமே எங்கிட்டயும் வேண்டாம்னு சொல்லணும். சத்தியம் பண்ணுங்க."

"சொன்னா வைவியே."

"வைவேன். வஞ்சாலும் சொல்லணும்."

மறுநாள் காலை பிரஸ்ஸுக்குப் போய், எல்லோரையும் கூப்பிட்டு, மொதலாளி மேல தப்பில்ல, தப்பு எம்மேலதான் என்று சொன்னேன். பைண்டிங் பெண்கள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மெஷின்மேன் மட்டும், "எங்களுக்கு அப்பவே தெரியும்க்கா, அந்தப் பார்லி பாட்டிலப் பாத்தாலே பயமா இருக்கும்" என்றார். சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவரையும் ஒரு பாட்டம் வைதேன்.

அதற்குப் பிறகு கால் வடிய ஆரம்பித்தது. ஒரே நாளில் இல்லை. முந்நூறு, நானூறு என்று தினமும் மெஷின்மேன் கத்தக் கத்தக் குறைந்தது. பொட்டாசியமும் இறங்கியது. ஒரு தலையணையை அவரே எடுத்துப் பீரோ மேல் போட்டார். அடுத்த மாதம் டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்துவிட்டு, டயாலிசிஸ் பேச்சு இப்போதைக்கு வேண்டாம், கிட்னி முழுசாகச் சரியாகாது, ஆனால் இப்படியே கவனமாக இருந்தால் நாளைக் கடத்தலாம் என்றார். நாளைக் கடத்துவதுதானே எல்லோரும் செய்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கள்ளிச் சொட்டாகக் கெட்டிக் காபி ஒன்று கலந்து கொண்டுபோய் நீட்டினேன். அன்றைக்கு அவருக்கு அது இரண்டாவது. அவர் டம்ளரைப் பார்த்தார், பேனாக் கோடு போட்ட பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேண்டாம் புள்ள."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆசையாப் போட்டுக் கொண்டாந்தா எம்மூஞ்சிக்கு நேரா வேண்டாங்குறீகளா?" என்று பாதி கத்திய பிறகுதான் நிறுத்தினேன். அவர் பயந்துபோய்க் கையை நீட்டிவிட்டார். அந்தக் கையைத் தள்ளிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காபியை நானே குடித்தேன்.